விளையாட்டைப் படிக்க வைத்தவர்கள்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்து நர்சரிப் பள்ளிகளைப் பாராட்டி யாரும் நாலு வரி எழுதியதாகத் தெரியவில்லை. இந்தப் பேட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் மில்லைப் பற்றி எழுதுகிறார்கள். மில் போனதைப் பற்றி எழுதுகிறார்கள். ராஜா மில் இருந்த நிலத்தில் இன்று மால் நிற்பதைப் பெருமூச்சோடு எழுதுகிறார்கள். 2014 மார்ச்சில் சம்பிகே ரோட்டிலிருந்து பீனியா பக்கம் மெட்ரோ ஓடத் தொடங்கி, ஒரு நிலையத்துக்கு ஸ்ரீராம்புரம் என்றே பெயர் வந்ததையும் எழுதியாயிற்று. அந்த மில்களில் நூல் நூற்க வேலூர், தருமபுரிப் பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தவர்களின் கொள்ளுப்பேரன் கொள்ளுப்பேத்திகள் இன்று மூன்று வயது முடிந்த கையோடு நாலு கோட்டு நோட்டில் ‘ஏ பி சி டி’ எழுதிவிடுகிறார்களே, அதை எழுத மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. நன்றி கெட்ட உலகம். என்னால் ஆனதை நான் எழுதுகிறேன்.

முதலில் பெயர்ப்பலகையைச் சொல்ல வேண்டும். எந்த கிராஸில் நுழைந்தாலும் ஒரு பலகை கண்ணில் படும்: பிளே வே மெத்தட். எழுத்தும் கணக்கும் விளையாட்டாகவே சொல்லித்தரப்படும் என்று அதற்குப் பொருள். இருபதுக்கு முப்பது சைட்டில் எழுந்த வீடு. மாடியில் வீட்டுக்காரர், கீழே பள்ளி. இதில் விளையாட இடம் எங்கே என்று கேட்பவர்கள் மேலோட்டமாகப் பார்க்கிறவர்கள். விளையாட்டு முழுவதையும் வெளிச்சுவரில் தீட்டி வைத்துவிட்டால் உள்ளே படிப்புக்கு எவ்வளவு இடம் மிச்சம்! சுவரில் ஒரு முயல் ஊஞ்சல் ஆடுகிறது, யானை பந்து உதைக்கிறது, சோட்டா பீம் லட்டோடு பறக்கிறான். அந்தச் சுவருக்கு உட்புறம் குழந்தைகள் உதட்டில் விரலை வைத்து வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முயல் ஆடி முடித்து இறங்கினால் அதற்கும் ஒரு நோட்டு கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள் என்பதால்தான் அது இறங்குவதே இல்லை போலும்.

வாசலில் பிளாஸ்டிக் சறுக்குமரம் ஒன்றும் உண்டு. அட்மிஷன் மாதங்களில் அது தெருவைப் பார்த்து நிற்கும். பள்ளி திறந்து சில வாரங்களில் அதைச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். தரை துடைத்த துணியை உலர்த்த அந்தச் சரிவு ஆயாம்மாவுக்கு வெகு தோது. விளையாட்டுச் சாமான் ஒன்று நாள் முழுவதும் இப்படி உழைப்பதை வேறெங்கும் பார்க்க முடியாது.

விளையாட்டே கிடையாது என்று சொன்னால் அபாண்டம். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரியடில் அரை மணி நேரம் ‘ஆக்டிவிட்டி’ இருக்கிறது. களிமண் உருண்டை கொடுப்பார்கள். எல்லாரும் ஆப்பிள் செய்ய வேண்டும். ஒரு பிள்ளை பாம்பு செய்தால் மிஸ் அதை அன்போடு வாங்கி உருட்டி ஆப்பிளாக்கித் திருப்பிக் கொடுப்பார். கொஞ்சம் பெரிய ஆக்டிவிட்டி என்றால் வீட்டுக்கு வரும்: தெர்மாகோலில் ஒரு வீடு, ஐஸ் குச்சியில் ஒரு பாலம், பருப்பு ஒட்டிய ஒரு மயில். இரவு பதினொரு மணிக்குக் குழந்தை தூங்கிய பிறகு அம்மா தரையில் உட்கார்ந்து துவரம்பருப்பை ஒவ்வொன்றாக எண்ணி ஒட்டுகிறார். மயிலின் கழுத்துக்குப் பச்சைப் பயறா, பட்டாணியா என்று யோசிக்கிறார், ஒட்டுகிறார், பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டுகிறார், முகத்தில் ஒரு சிரிப்புகூட வருகிறது. விளையாட்டின் வழியாகக் கற்பது என்று உலகமெல்லாம் பேசுகிறார்களே, அது இதுதான். குடும்பத்தில் ஒருவருக்காவது அது போய்ச் சேர்ந்துவிடுகிறது. நேரமில்லாத அம்மாக்களுக்கு ஸ்டேஷனரிக் கடையில் ரெடிமேட் மயிலே கிடைக்கிறது. அதற்கு மிஸ் போடும் ஸ்டார் இன்னும் பெரியது.

எழுத்து விஷயத்தில் இந்தப் பள்ளிகளின் துணிச்சலை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். வளர்ந்த ஆளின் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் இருக்கின்றன. மூன்று வயதில் அவற்றில் சிலதான் எலும்பாகத் திரண்டிருக்கும்; மற்றவை இன்னும் குருத்தெலும்பு. விரல் நுனியால் பென்சிலைப் பிடிக்கிற பக்குவம் மண்ணைப் பிசைந்து, கல்லைப் பொறுக்கி, கயிற்றை முறுக்கி மெல்ல வருவது. இதையெல்லாம் மருத்துவர்கள் சொல்கிறார்கள். எலும்பு வளர்கிற வரையில் காத்திருந்தால் எல்.கே.ஜி. சிலபஸ் என்ன ஆகும்? ஆகவே நம் பள்ளிகள் எலும்புக்காகக் காத்திருப்பதில்லை. மிஸ் குழந்தையின் கையைத் தன் கைக்குள் வைத்து, பென்சிலையும் சேர்த்துப் பிடித்து, அழுத்தி எழுதுகிறார். எழுதியது யார் என்ற தத்துவக் கேள்வியெல்லாம் வேண்டாம். நோட்டில் எழுத்து விழுந்திருக்கிறது. கீழே தேதியும் இருக்கிறது. மாலையில் பையைத் திறக்கும் அப்பா மகிழ்கிறார். யு.கே.ஜி.யில் அதே எழுத்தைச் சாய்த்து, வால் நீட்டி, ஒன்றோடொன்று கோத்து எழுத வேண்டும். கர்சிவ் எழுதத் தெரியாமல் ஐந்து வயதில் எத்தனை வேலை வாய்ப்புகள் கைவிட்டுப் போகும் என்று யோசித்துத்தான் பாருங்களேன்.

கணக்கில் அவர்கள் செய்திருப்பது இதைவிடப் பெரிய சாதனை. எண்களைப் பொருள்களின் பிடியிலிருந்து விடுதலை செய்திருக்கிறார்கள். ஸ்ரீராம்புரத்து யு.கே.ஜி. குழந்தை ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சு விடாமல் சொல்லும். நூறிலிருந்து ஒன்று வரை இறங்கும். நாற்பத்தேழுக்கு ஸ்பெல்லிங் சொல்லும். “கண்ணு, உள்ளே போய் ஆறு ஸ்பூன் எடுத்துக்கிட்டு வா” என்று சொன்னால் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து நிற்கும். அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஆறு என்பது நோட்டில் வலது பக்கம் வளைத்து முடிக்கிற ஓர் உருவம். அதற்கும் ஸ்பூனுக்கும் என்ன சம்பந்தம்? பழைய காலத்து எண்கள் எப்போதும் எதையாவது சுமந்துகொண்டே திரிந்தன: ஆறு இட்லி, ஆறு முழம் பூ, ஆறு ரூபாய் சில்லறை. அந்தக் கூலி வேலையிலிருந்து அவற்றை மீட்டு, சுத்தமாக நோட்டில் உட்கார வைத்த பெருமை முழுவதும் இவர்களையே சேரும்.

இவர்கள் மட்டும் வராமல் போயிருந்தால் நம் குழந்தைகள் யார் கையில் சிக்கியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. பாட்டிகள் கையில்.

ஸ்ரீராம்புரத்தில் இன்னும் சில வீடுகளில் பரணில் பல்லாங்குழி இருக்கிறது. பதினாலு குழி, குழிக்கு ஐந்தாகப் போட்டால் எழுபது புளியங்கொட்டை. இந்தக் கருவி செய்கிற கேடு கொஞ்சநஞ்சமல்ல. குழியிலிருந்து அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகும்போது குழந்தை ஒரு கொட்டைக்கு ஓர் எண் என்று பழகிவிடுகிறது. ஒரு குழியில் நாலு சேர்ந்துவிட்டால் அது ‘பசு’. குழிக்குடையவர் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே கண் எப்போதும் நாலைத் தேடிக்கொண்டே இருக்கிறது. சீக்கிரமே எண்ணாமல், பார்த்த மாத்திரத்தில் நாலு என்று தெரிந்துவிடுகிறது. மூன்று இருக்கும் குழியில் ஒன்று விழப்போகிறது என்றால் பசு யாருக்கு என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறது. எந்தக் குழியில் தொடங்கினால் கடைசிக் கொட்டை எங்கே போய் முடியும், அடுத்தது வெறுங்குழியா என்று நாலைந்து படி முன்னே யோசிக்கிறது. ஆட்டம் முடிந்ததும் ‘உனக்கு எத்தனை, எனக்கு எத்தனை, யாருக்கு எத்தனை கூட’ என்று கழித்தல் வேறு. இத்தனைக்கும் ஒரு வரி ஹோம்ஒர்க் இல்லை, ஒரு ரூபாய் ஃபீஸ் இல்லை. தோற்றால் அழுகை, ஜெயித்தால் ஆட்டம், ‘இன்னொரு வாட்டி பாட்டி’ என்று பிடிவாதம். கற்றுக்கொள்வதற்குப் பிள்ளைகளே வந்து கெஞ்சுவது ஒழுங்கான கல்வி ஆகுமா?

பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அஜ்ஜி இதையே அளகுளி மணே என்பார். அவர் வீட்டுத் திண்ணைப் படியில் சாக்பீஸால் கிழித்த சௌகாபாரா கட்டம், ஐந்துக்கு ஐந்து. நாலு சோழி போட வேண்டும். எல்லாம் வாய் திறந்து விழுந்தால் நாலு, எல்லாம் குப்புற விழுந்தால் எட்டு. விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்தி, வெட்டு வாங்காத கட்டத்தில் போய் ஒதுங்குவதற்குள் நாலு வயதுப் பிள்ளை போடும் கூட்டல் எத்தனை! அதுவும் ஒரு மொழியிலா? பாட்டியிடம் ஒண்ணு ரெண்டு, அஜ்ஜியிடம் ஒந்து எரடு, மேல்மாடித் தெலுங்குக்காரர் வீட்டில் ஒகட்டி ரெண்டு, முனை வெல்டிங் கடையில் ஏக் தோ. நாலு பாஷையில் எண்ணுகிற குழந்தைக்கு, வாயில் பெயர் மாறினாலும் கையில் இருப்பது மாறவில்லை என்கிற ஆபத்தான சந்தேகம் அந்த வயதிலேயே வந்துவிடுகிறது. நல்லவேளை, டயரியில் பள்ளி எழுதி அனுப்பிவிடுகிறது: வீட்டில் இங்கிலீஷில் மட்டும் பேசவும். மறுநாளிலிருந்து அம்மா “கம், சிட், ஈட்” என்கிறார். குழந்தை வருகிறது, உட்காருகிறது, சாப்பிடுகிறது. அதற்கு மேல் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பேச என்ன இருக்கிறது?

தேர்வுக்கு முந்தின நாள் ஒரு வீட்டில் காதில் விழுந்தது. மருமகளும் மாமியாரும்.

“அத்தே, நாளைக்கி அவனுக்கு டெஸ்ட் இருக்குது. சோழியெல்லாம் வெளியே எடுக்காதீங்க.”

“எண்ணத்தானேம்மா சொல்லிக் குடுக்கறேன்.”

“எண்ணறதெல்லாம் வேணாம் அத்தே. எழுதணும்.”

கல்விக் கொள்கை பற்றி ஆயிரம் பக்கம் படித்தவர்கள்கூட இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

தமிழ் எழுத்தைப் பற்றி யாராவது கேட்கலாம். 247 எழுத்தின் பாரத்தையும் குழந்தையின் தோளிலிருந்து நர்சரிகள் ஒரேயடியாக இறக்கி வைத்துவிட்டன. கன்னடத்தை எப்படியும் பெரிய வகுப்பில் படித்தாக வேண்டும். 2015-இல் அதற்குச் சட்டமே வந்திருக்கிறது. தமிழுக்குச் சட்டமும் இல்லை, டெஸ்ட்டும் இல்லை. சினிமா போஸ்டரில் நடிகர் முகத்தைப் பார்த்துப் படத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். படிப்பறிவு என்பது வேறென்ன?

பாட்டிகளைப் போலவே வெளிநாட்டிலும் சிலர் தவறான வழியில் போயிருக்கிறார்கள். 1840-இல் ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்பவர் தம் பள்ளிக்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்து, எழுத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு, பிள்ளைகள் கையில் கம்பளிப் பந்தும் மர உருண்டையும் கட்டைகளும் கொடுத்தார். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பள்ளி தொடங்கினார். பக்கத்திலேயே உட்கார்ந்து குழந்தைகளைக் கவனித்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவித் தடவி அவர்களே எழுதத் தொடங்கியதைக் கண்டார். 1939-இல் அடையாறுக்கு வந்தார். உலகப் போர் மூண்டதால் இத்தாலிக்காரர் என்று நாட்டை விட்டுப் போக விடவில்லை. அப்போதும் சும்மா இராமல் சென்னையிலும் கோடைக்கானலிலுமாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இவ்வளவு பாடுபட்டு அவர் அறிந்துகொண்டதை நம் ஸ்ரீராம்புரத்துப் பள்ளிகள் ஒரே வாரத்தில் அறிந்துகொண்டன. பெயிண்டரைக் கூப்பிட்டு, பலகையில் பிளே வேக்குப் பக்கத்தில் ‘மாண்டிசோரி’ என்று சேர்த்து எழுதச் சொன்னால் போதும். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

மணல் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1787-இல் சென்னைக்கு வந்து, 1789 முதல் எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது நம் சட்டாம்பிள்ளை முறை. அதையும் மணலையும் சேர்த்து ஒரு திட்டமாக்கி 1797-இல் லண்டனில் புத்தகம் போட்டார். ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்று இங்கிலாந்துப் பள்ளிகளுக்கெல்லாம் அது பரவியது. தெருவில் சும்மா கிடந்த மணலைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு நாம் வெறுங்கையோடு நின்றோம். இப்போது அந்தக் குறை தீர்ந்தது. ‘சென்சரி ட்ரே’ என்று நீல நிறப் பெட்டியில் மணலை விலைக்கு வாங்கி நர்சரி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். குழந்தை விரல் வைத்தால் சிந்தும் என்பதால் மூடி போட்டிருக்கிறது. மூடி கண்ணாடி போல இருப்பதால் பார்க்கத் தடை இல்லை.

அரசுப் பள்ளிகளின் நிலைமைதான் பரிதாபம். அங்கே உண்மையாகவே விளையாட விட்டுவிட்டார்கள். 1995-இல் மைசூர் மாவட்டம் ஹெச்.டி. கோட்டேயிலிருந்து சில ஆசிரியர்கள் ஆந்திரத்து ரிஷி வேலிக்குப் போய் அங்குள்ள கிராமப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து தொடங்கியதுதான் ‘நலி கலி’. ஆடு, பாடு, படி என்கிற கதை. 2009-இல் மாநிலத்துக் கன்னட வழி அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒன்று இரண்டு வகுப்புகளுக்கு அதைக் கொண்டுவந்தார்கள். அகர வரிசை கிடையாது. முதலில் ர, க, ஸ, த, அ என்கிற ஐந்தே எழுத்து. இந்த ஐந்தை வைத்தே மாலைக்கு ‘ஸர’, அரசனுக்கு ‘அரஸ’, ரம்பத்துக்கு ‘கரகஸ’ என்று பிள்ளை முதல் மாதத்திலேயே சொற்களைக் கட்டிவிடுகிறது. ஐம்பது எழுத்தையும் வரிசையாக நெட்டுருப் போட்டுவிட்டு அப்புறம் ஒரு சொல்லைப் பார்க்கலாம் என்கிற பொறுமை அங்கே இல்லை. தரையில் வட்டமாக உட்காருகிறார்கள். ஏணிப் படம் போட்ட அட்டையைப் பார்த்து அவரவர் படிக்கு அவரவர் கார்டை எடுக்கிறார்கள். பிள்ளை கை எட்டுகிற உயரத்தில் சுவரெல்லாம் கரும்பலகை. தலைக்கு மேலே கயிற்றில் அவர்கள் வரைந்ததெல்லாம் தொங்குகிறது. சென்னையிலும் 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் இதே ரிஷி வேலி வழியில் செயல்வழிக் கற்றல் என்று தொடங்கி, சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள்.

நம் பெற்றோர் விவரமானவர்கள். எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைகள் எழுந்து நடக்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், நோட்டில் சிவப்பு மை இல்லை. ‘இங்க எந்நேரமும் வெளையாட்டுதான்’ என்று பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, ஃபீஸ் கட்டி, பிளே வே மெத்தடில் சேர்த்துவிட்டார்கள். விளையாட்டு என்று பலகையில் எழுதியிருக்க வேண்டும், வகுப்பில் நடக்கக் கூடாது. இந்த நுட்பமான வேறுபாட்டைக் கூலி வேலைக்குப் போகிற ஒரு தகப்பனால் ஒரே பார்வையில் கண்டுகொள்ள முடிகிறதே, அதற்கு அவருக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரை எழுதுகிறது என்று தெரிந்தால் போதும்.

அரசும் இப்போது திருந்தி வருகிறது. விளையாட்டுச் சாமான்களைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். 2023 பிப்ரவரியில் ‘ஜாதூயி பிட்டாரா’ என்று ஒன்றிய அரசே ஒரு மாயப்பெட்டியை வெளியிட்டது. மூன்று முதல் எட்டு வயது வரைக்கும் பொம்மை, புதிர், படக்கார்டு எல்லாம் அதில் உண்டு. மாநிலங்கள் அனுப்பும் கணிதப் பெட்டிகளும் இருக்கின்றன. ஒரு பள்ளியில் அப்படி ஒரு பெட்டியைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. தலைமை ஆசிரியை பீரோவைத் திறந்து காட்டினார். மணிச்சட்டத்தில் ஒரு மணி கூட நிறம் மங்கவில்லை. இடமதிப்புக் கட்டைகள் பாலிதீன் உறையோடு அடுக்கி இருந்தன. பிளாஸ்டிக் நாணயங்களை எண்ணி ரப்பர் பேண்டு போட்டு, மேலே ஒரு சீட்டில் எண்ணிக்கை எழுதியிருந்தது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி, பீலி சூட்டி, காவலோடு வைத்திருந்த வேல்களைப் பார்த்த ஔவையார் என்ன மகிழ்ச்சி அடைந்தாரோ, அதே மகிழ்ச்சியை நானும் அடைந்தேன். முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்க இவை என்ன அதியமான் வீட்டுச் சாமானா? ஆசிரியையைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு கட்டை தொலைந்தால் ஆய்வுக்கு வருகிறவர் அவரைத்தான் கேட்பார். பிள்ளைக்குக் கூட்டல் வராமல் போனதற்கு யாரும் அவ்வளவு கறாராகக் கேட்பதில்லை.

அங்கன்வாடியை விட்டுவிட்டால் பாவம் வரும். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய திட்டம். சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு நலக்கல்வி, இவற்றோடு முறைசாரா முன்பருவக் கல்வி என்று ஆறு சேவைகள். ஒரு டீச்சர், ஓர் உதவியாளர், ஓர் அறை. குழந்தைக்கு எடை பார்த்து எழுத வேண்டும், கர்ப்பிணிகளைக் கணக்கெடுக்க வேண்டும், முட்டையை எண்ணி எழுத வேண்டும், பதிவேடுகளே பதினொன்று. 2021-இலிருந்து அதையெல்லாம் போஷன் டிராக்கர் செயலியிலும் ஏற்ற வேண்டும். நெட்வொர்க் வரும் இடம் தேடி வாசற்படியில் நிற்க வேண்டும். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேறு. எண்ணும் எழுத்தும் அங்கன்வாடியில் நடக்கவில்லை என்று யார் சொன்னது? காலையிலிருந்து மாலைவரை அதுதான் நடக்கிறது, டீச்சருக்கு. குழந்தைகள் ஒரு மூலையில் தாங்களாகவே மூடியையும் டப்பாவையும் வைத்துக் கடை போட்டு விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குறையும் 2024 ஜூலையில் கவனிக்கப்பட்டது. பெங்களூரில் 250 அங்கன்வாடிகளை அரசு மாண்டிசோரி என்று மாற்றித் தொடங்கி வைத்தார்கள். பலகைக்குப் பெயிண்டரைக் கூப்பிடும் வித்தை நர்சரிகளிடமிருந்து அரசுக்கும் வந்துவிட்டது.

வயது விவகாரத்தில் பெற்றோர் காட்டிய விழிப்பும் வரலாற்றில் நிற்க வேண்டியது. ஒன்றாம் வகுப்பில் சேர ஜூன் 1-க்குள் ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று கர்நாடக அரசு 2022-இல் ஆணையிட்டது. 2025-26-இல் அது நடைமுறைக்கு வரவேண்டியிருந்தது. யு.கே.ஜி. முடித்துவிட்டு ஐந்தரை வயதில் நிற்கும் பிள்ளைகள் என்ன செய்வது? சும்மா இருப்பதா? ஓர் ஆண்டு முழுக்க விளையாடிவிட்டால் அப்புறம் யார் பொறுப்பு? முறையிட்டார்கள். அரசும் இரங்கி, அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் போதும் என்றது. ஏழு மாத விளையாட்டிலிருந்து குழந்தைகள் மயிரிழையில் தப்பினார்கள்.

மாலையில் டியூஷன். எல்.கே.ஜி.க்கு என்ன டியூஷன் என்று கேட்பவர்களுக்கு ஸ்ரீராம்புரத்து வீடுகள் தெரியாது. பள்ளியில் எழுதியதை வீட்டில் எழுத வேண்டும். அப்பா டெம்போ ஓட்டப் போயிருக்கிறார், அம்மா கார்மென்ட்ஸில் ஓவர்டைம். ஆகவே மூன்றாவது வீட்டு ஆன்ட்டியிடம் போய் எழுத வேண்டும். அங்கே பதினைந்து பிள்ளைகள் ஒரே ஹாலில், டிவி ஓடும்போதே எழுதுகிறார்கள். ரயில் பாதைப் பக்கம் வண்டி சத்தம் கேட்டால் தலையைத் தூக்கி எத்தனை பெட்டி என்று எண்ணத் தொடங்குகிறார்கள். ஆன்ட்டி உடனே ஸ்கேலைத் தட்டி அந்தக் கெட்ட பழக்கத்தை முளையிலேயே கிள்ளிவிடுகிறார்.

இவ்வளவுக்கும் மணிமுடி வைத்தது போல மார்ச் மாதக் கடைசியில் பட்டமளிப்பு விழா. கல்யாண மண்டபம், ஷாமியானா, யு.கே.ஜி. முடித்த ஐந்து வயதுப் பட்டதாரிகளுக்குக் கறுப்பு கவுன், குஞ்சம் தொங்கும் சதுரத் தொப்பி. தொப்பி புருவத்தைத் தாண்டி மூக்கு வரை இறங்கிவிடுவதால் மேடையில் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் இரண்டு பேர் முட்டிக்கொள்கிறார்கள். வார்டு பிரமுகர் பட்டயச் சுருளைக் கொடுக்கிறார். வீடியோக்காரர் ‘இன்னொரு வாட்டி கொடுங்க சார்’ என்கிறார். பிரமுகர் பேசும்போது விளையாட்டு வழிக் கல்வியின் சிறப்பை நாற்பது நிமிடம் விளக்குகிறார். பிள்ளைகள் உதட்டில் விரலை வைத்துக் கேட்கிறார்கள்.

கவுனும் தொப்பியும் வாடகை. சினிமாவில் வருவது போலத் தொப்பியைத் தூக்கி எறியக் கூடாது என்று முன்னாடியே சொல்லிவிட்டார்கள். ஒன்று குறைந்தாலும் கடைக்காரர் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார். விழா முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எல்லாத் தொப்பியையும் திரும்ப வாங்கி மேஜையில் குவிக்கிறார்கள். மூன்று வருஷப் படிப்பில் கையால் தொட்டு எண்ணிப் பார்க்கும்படி ஓர் உண்மையான பொருள் குவியலாகப் பிள்ளைகள் எதிரில் வந்தது அதுதான் முதல் தடவை. ஒருத்தி ஒண்ணு, ரெண்டு என்று விரலை நீட்டவும் செய்தாள். நேரமாகிவிட்டது என்று ஆயாம்மா அவளை நகர்த்திவிட்டுத் தானே எண்ணி முடித்தார்.